சொட்டுக் கணக்கு

சுன்னாகத்தில் சித்தப்பாவின் கராஜில் நான் முதலில் பழகிய வேலை, பெற்றோலைச் சொட்டாக எண்ணுவது. 1990-இல் யாழ்ப்பாணத்துக்குள் எரிபொருள் வருவது தடைபட்ட பிறகு மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சூடான எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும்; குளிர்ந்த எஞ்சின் அதில் பற்றாது. அதனால் ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும். காபரேற்றருக்குள் சில சொட்டு விட்டு, உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஆறு சொட்டில் பற்றுகிற வண்டிக்கு எட்டுச் சொட்டு விட்டால் சித்தப்பாவின் முகம் மாறிவிடும். "டேய், உது ஆற்றையோ உயிரடா" என்பார். அவர் சொன்னதில் மிகை இல்லை. அந்தச் சின்னப் போத்தலை நம்பித்தான் இரவில் ஒரு பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவார்கள்.

எஞ்சினைச் சிக்கனமாக ஓட வைப்பதுதான் அங்கே கெட்டித்தனம். காபரேற்றரின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, எரிபொருளைக் குறைத்து, காற்றைக் கூட்டிக்கொண்டே போவோம். ஒரு கட்டத்தில் எஞ்சினின் குரல் தெளிந்து கணீரென்று வரும். அந்தக் குரல் வந்ததும் சித்தப்பா கையை உயர்த்துவார். நிறுத்து, அதுதான் அளவு. பதினெட்டு வயதில் எனக்கு அந்தக் குரல் காதில் பதிந்துவிட்டது.

அதே குரல் 1996 தை மாதத்தில் ஒன்ராறியோவில் ஓர் உறைந்த ஏரியின் நடுவே என்னைக் கொல்லப் பார்த்தது.

கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து, கொழும்பு வழியாக 1994-இல் ரொறன்ரோ வந்தேன். ஒன்றரை வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு வடக்கே நிப்பிசிங் ஏரிக்கரையில் ஒரு கராஜில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி அறுபது தாண்டிய பிரெஞ்சுக் கனடியர். அந்தப் பக்கத்தில் பல ஊர்களில் பிரெஞ்சுதான் வீட்டு மொழி. எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சந்திக்காத இரண்டு ஆங்கிலங்கள். அவர் என்னை அழைத்த பிரெஞ்சுச் சொல்லுக்கு எங்கள் ஊர்ப் 'பெடியன்' சரியாகப் பொருந்தும். கோடையில் படகு எஞ்சின் திருத்துவார். குளிர்காலத்தில் ஏரியின் மேல் மரக் குடில்களை இழுத்துவைத்து, பனியில் துளை போட்டு மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார். அங்கே பிக்கரெல் என்ற மீனுக்காகப் பல மணி நேரப் பயணம் செய்து ஆட்கள் வருவார்கள். அவர்களைக் குடிலுக்கு ஏற்றிப் போக ஒரு பழைய பொம்பார்டியே வண்டி இருந்தது. வட்ட ஜன்னல்களும் முன்னால் சறுக்குக் கட்டைகளும் பின்னால் பட்டிச் சங்கிலியுமாக, பேருந்துக்கும் படகுக்கும் பிறந்தது மாதிரி ஒரு வண்டி. பன்னிரண்டு பேர் அமரலாம் என்பதால் அதற்கு பி12 என்று பெயர். விறகு, தூண்டில் மீன், தேநீர் என்று சில்லறைச் சாமான் கொண்டுபோக மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன ஸ்னோமொபீல் நின்றது. 1973-ஆம் வருடத்து ஸ்கி-டூ எலான்.

எலானைப் பார்த்த உடனேயே எனக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு சிலிண்டர். 247 சிசி, இரண்டடிப்பு எஞ்சின். குளிர்விக்கத் தண்ணீர் இல்லை, காற்றுதான். பற்றரி இல்லை, கயிறு இழுத்துத்தான் ஸ்ரார்ட் செய்ய வேண்டும். பின்னுக்குப் போகும் கியர் இல்லை. இறங்கிப் பின்புறத்தைத் தூக்கித் திருப்பி வைக்க வேண்டும். மூடியைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கும். சுன்னாகத்தில் தண்ணீர் இறைக்கும் மெசினைத் திறந்தபோது இருந்த அதே வெளிச்சம்.

ஒரு வாரம் ஓடிப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றினால் கருப்பாக, ஈரமாக இருந்தது. நிறையப் பெற்றோல் குடிக்கிறது என்று விளங்கியது. அதன் டிலட்சன் காபரேற்றரில் வெளியே தெரிகிற மாதிரி இரண்டு ஊசித் திருகுகள் உண்டு, ஒன்று மெதுவோட்டத்துக்கு, மற்றது வேகத்துக்கு. வேகத் திருகைக் கால் சுற்று இறுக்கினேன். இன்னும் கொஞ்சம். குரல் கணீரென்று வந்தது. முதலாளிக்குப் பெற்றோல் மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்ற பெருமையோடு படுக்கப் போனேன்.

நான் திருகைத் திருப்பிய மத்தியானம் வெயில் அடித்தது, பூச்சியத்துக்கு ஐந்து பாகைதான் கீழே. இரண்டு நாள் கழித்து, அதிகாலையில் விறகு ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் இறங்கியபோது மைனஸ் முப்பத்தொன்று. கரையிலிருந்து ஐந்து கிலோமீற்றர் தாண்டியிருப்பேன். எஞ்சின் அதற்கு முன் ஒருநாளும் அப்படி ஓடியதில்லை. குரல் இன்னும் மெலிந்து, இன்னும் உயர்ந்து, பாடுகிற மாதிரி வந்தது. வேகம் தானாகக் கூடியது. பிறகு ஒரு 'கிறீச்'. கயிற்றைப் பிடித்தேன், கல்லில் கட்டிய கயிறு போல அசையவில்லை.

அந்த நிசப்தத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஏரி கீழே வெடிக்கும் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. பனிக்கட்டி தடிக்கும்போது அப்படி முழங்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. புகை வந்த குடில் ஒன்றைக் குறிவைத்து நடந்தேன். கதவைத் திறந்த மனிதர் ஒன்றும் கேட்காமல் என் கையுறையைக் கழற்றி, விரல்களைத் தன் கக்கத்துக்குள் வைத்தார். ஒரு மணி நேரத்தில் பி12 வந்தது. முதலாளி என்னை ஏசவில்லை. எலானைக் கட்டி இழுத்து வந்து, கராஜின் நடுவே நிறுத்தி, அடுப்பில் விறகு போட்டார். பிறகு ஒரு ஸ்பானரை என் பக்கம் நீட்டினார்.

சிலிண்டரைத் தூக்கியபோது பிஸ்டனைக் கண்டேன். புகை வெளியேறும் பக்கத்தில், பூனை பிறாண்டியது போல மேலிருந்து கீழாகக் கோடுகள். அலுமினியம் உருகிச் சிலிண்டரின் இரும்புச் சுவரில் அப்பியிருந்தது. வளையங்கள் பள்ளத்துக்குள் ஒட்டிப்போயிருந்தன. அவர் விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். பிறகு கதவைத் திறந்து, வெளியே இருந்த குளிரைக் கையால் அள்ளி உள்ளே கொண்டுவருவது போல் காட்டினார். இரண்டு முறை செய்தார். மூன்றாவது முறைதான் எனக்கு விளங்கியது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே துளைக்குள் கூடுதல் காற்று நுழையும். கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெற்றோல் வேண்டும். இல்லாவிட்டால் எரிவது அளவுக்கு மீறிச் சூடாகும். இதோடு இன்னொன்றும் உண்டு: இரண்டடிப்பு எஞ்சினுக்குத் தனியாக ஒயில் கிடையாது, பெற்றோலில் கலந்த ஒயில்தான் பிஸ்டனைக் காப்பாற்ற வேண்டும். அந்த வருடத்து எலானுக்கு இருபதுக்கு ஒன்று கணக்கு. பெற்றோலைக் குறைத்தபோது ஒயிலையும் சேர்த்தே குறைத்திருக்கிறேன்.

முப்பத்தைந்து பாகை வெயிலில், காற்று மெலிந்த ஊரில், உயிரைப் போலக் காத்த சிக்கனம், மைனஸ் முப்பத்தொன்றில் எஞ்சினைக் கொன்றுவிட்டது. சித்தப்பா கற்றுத் தந்ததில் பிழை இல்லை. சுன்னாகத்துக்கு அது சரியான அளவு. நான் சுன்னாகத்தை நிப்பிசிங் ஏரியில் வைத்துத் திருகியிருந்தேன்.

அந்த எஞ்சினைத் திருத்திய இரண்டு மாலைகளும் எனக்கு இப்போதும் மணி மணியாக நினைவிருக்கின்றன. சிலிண்டர் சுவரில் அப்பிய அலுமினியத்தை உரசி எடுக்கக் கூடாது. பஞ்சு சுற்றிய குச்சியில் அமிலம் தொட்டு, அப்பிய இடத்தில் மட்டும் வைத்தார். நுரைத்துப் புகைந்தது. அமிலம் அலுமினியத்தைத் தின்னும். பிறகு தண்ணீர், பிறகு இரும்பு துருப்பிடிக்க முன்னம் ஒயில். அலமாரியில் பழைய தகரப் பெட்டிக்குள் ஒயில் கடதாசி சுற்றிய புதுப் பிஸ்டன் ஒன்று இருந்தது. தலையில் ஒரு அம்புக்குறியும் ஏ, யூ, எஸ் என்ற மூன்று எழுத்துகளும் பொறித்திருந்தன. நான் அதை ஆங்கிலமாக வாசித்து விழித்தேன். அவரும் உதட்டைப் பிதுக்கினார், பிரெஞ்சிலும் அது இல்லை. எஞ்சின் செய்த றோடாக்ஸ் நிறுவனம் ஒஸ்திரியாவில் குன்ஸ்கிர்ஹென் என்ற ஊரில் இருக்கிறது. அது ஜேர்மன் சொல்லின் முதல் மூன்று எழுத்து, 'புகைபோக்கி' என்று அர்த்தம். அம்பு புகை போகும் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் வளையத்தின் வாய் துளையில் மாட்டி உடையும். தமிழனும் பிரெஞ்சுக்காரரும் அடுப்படியில் குந்தியிருந்து ஜேர்மன் எழுத்தை நம்பிப் பிஸ்டனைப் பூட்டினோம். பிஸ்டனைச் சற்றுச் சூடாக்கினால் பிஸ்டன் பின் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும் என்பதும், அதைத் தாங்கும் கம்பி வளையத்தின் வாய் நேர் மேலோ நேர் கீழோ இருக்க வேண்டும் என்பதும் அன்று படித்தவை. மற்றப் பக்கம் இருந்தால் பிஸ்டனின் ஓட்டத்திலேயே அது சுருங்கித் தெறித்துவிடும்.

கடைசியில் ஊசித் திருகு. என் கையைத் திருகின் மேல் வைத்து, தன் கையை என் கையின் மேல் வைத்தார். கணீர் என்ற இடம் வந்தது. நான் நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை. திருப்பிக்கொண்டே போனார். குரல் தடித்து, கொஞ்சம் கரகரத்து, இருமுகிற மாதிரி வந்தது. அங்கே விட்டார். எனக்கு அழுகிற எஞ்சின் போலத்தான் கேட்டது. அவருக்கு அதுதான் வீடு திரும்பும் எஞ்சினின் குரல். மறுநாள் ஓடி வந்து பிளக்கைக் கழற்றினால் நல்ல சாயத்து வெறுந்தேநீர் நிறம்.

எலான் 1971 முதல் ஏறக்குறைய அதே உருவத்தில் வந்துகொண்டிருந்தது. நான் அதன் பிஸ்டனை எரித்துப் படித்த 1996-ஆம் வருடத்தோடு உற்பத்தி நின்றது. இருபத்தைந்து வருடம் ஒரு வண்டியை மாற்றாமல் செய்ததற்குக் காரணம் உண்டு. வடக்கில் பொறி வைக்கிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உடைந்தால் உடைந்த இடத்திலேயே தங்கள் கையால் திருத்தலாம் என்பதற்காக.

இது தற்செயல் இல்லை என்பதை வல்கூர் போனபோது உணர்ந்தேன். முதலாளி 2009-இல் காலமானார். எலானை எனக்கு என்று சொல்லிவைத்திருந்தார். அடுத்த கோடையில், அவர் அடிக்கடி சொன்ன கியூபெக்கின் வல்கூர் என்ற சிற்றூருக்குப் போய், எலானைச் செய்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியேயின் அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். அவர் 1926-இல் தொடங்கிய சின்னக் கராஜை அப்படியே வைத்திருக்கிறார்கள். பதினைந்து வயதில் பழைய ஃபோர்ட் எஞ்சினையும் மரக் காற்றாடியையும் சறுக்கு வண்டியில் பூட்டி ஓடவிட்ட மனிதர். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் வெடித்தது. வீதி முழுக்கப் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்லை. பிள்ளை இறந்துவிட்டது. அந்தக் கதையைச் சொன்ன கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நான் கனநேரம் நின்றேன். வழி அடைபட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் போன பிள்ளைகளை நானும் அறிவேன். அவர் 1937-இல் பட்டிச் சங்கிலிக்கான பல்சில்லுக்குக் காப்புரிமை பெற்று, பனிமேல் ஓடும் வண்டிகளைச் செய்யத் தொடங்கினார். வைத்தியரும் தபாற்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் அவற்றில் போனார்கள். 1948-இல் கியூபெக் அரசு கிராம வீதிகளில் பனி அகற்றச் சட்டம் போட்டதும் அந்த வியாபாரம் படுத்தது. 1959-இல் தனி ஆள் ஓட்டும் சின்ன வண்டியாக ஸ்கி-டூ வந்தது. ஆரம்ப வண்டிகளில் ஒன்றை ஒன்ராறியோவின் வடக்கில் இருந்த மொறிஸ் உவீமே என்ற குருவானவருக்குக் கொடுத்தார்கள். பக்கத்தில் கராஜே இல்லாதவர் கையில் கொடுத்துப் பார்த்த வண்டி. உல்லாசத்துக்கு என்று பெயர் பெற்றது பிறகுதான்.

இப்போது நான் ரொறன்ரோவுக்கு வெளியே, இரண்டு கார் நிறுத்தும் கராஜுள்ள வீட்டில் இருக்கிறேன். எலானுக்கு ஒரு கார் இடம். அன்று முதலாளி பிஸ்டனுக்காகத் தகரப் பெட்டிகளைக் கிண்டினார். இன்று மகள் கைபேசியில் நாலு தட்டுத் தட்டினால் மூன்றாம் நாள் வாசலில் பார்சல். தேடிய எல்லாம் கிடைக்கிறது: பிஸ்டன், கிறாங் சீல், பெல்ற், பொயின்ற். பெற்றோல் மூலைக்கு மூலை. ஆனால் அந்தப் பெற்றோலையே இப்போது நான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. எதனோல் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய றப்பரை ஊதவைக்கும், பிறகு காய்ந்து விறைக்கவைக்கும். டிலட்சன் காபரேற்றரின் இதயமே ஒரு மெல்லிய றப்பர்த் தகடு. எஞ்சினின் மூச்சுக்கு ஏற்ப அது மேலும் கீழும் துடித்துத்தான் பெற்றோலை இழுக்கிறது. அது விறைத்தால் பெற்றோல் குறையும். பெற்றோல் குறைந்தால் அதே கணீர்க் குரல். சொட்டுச் சொட்டாகச் சேர்த்து வாழ்ந்தவன் ஒவ்வொரு பங்குனியிலும் தாங்கியில் மிஞ்சிய பெற்றோலை முழுதாக வடித்து எடுக்கிறேன். வடிக்கும்போது கை இன்னும் கூசுகிறது.

பிறகு எஞ்சினைக் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டு, காபரேற்றர் வாயால் காப்பு ஒயில் தெளிப்பேன். வெள்ளைப் புகை தெருவை மூடும். அயலவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பேன். பெல்ற்றைக் கழற்றி அதன் அகலத்தை அளந்து எழுதிவைப்பேன். பட்டி நிலத்தில் படாமல் பின்புறத்தைக் கட்டையில் ஏற்றிவைப்பேன். புகைபோக்கிக்குள் எலி கூடு கட்டாமல் இரும்புப் பஞ்சு அடைத்து, அடைத்ததை மறக்காமலிருக்கக் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டுவேன். ஐப்பசியில் அவிழ்த்து, பிளைவீலில் உள்ள ஜன்னலால் பொயின்ற்றைப் பார்த்து, 0.4 மில்லிமீற்றர் தகட்டை இடையில் நுழைத்துப் பார்ப்பேன். தகடு வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி, இலேசான பிடிப்போடு நகர வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெடியனிடம் புதிய வண்டி இருக்கிறது. நேரடியாக எரிபொருள் பீச்சும் 850 சிசி. கைப்பிடி சூடாகும், பின்னுக்குப் போகும், புகை மணம் கிட்டத்தட்ட இல்லை. காற்றின் வெப்பநிலையைத் தானே அளந்து பெற்றோலைத் தானே கூட்டிக் குறைக்கும். என் முதலாளி கதவைத் திறந்து கையால் அள்ளிக் காட்டியதை ஒரு சின்ன உணர்கருவி செய்துவிடுகிறது. நல்ல வண்டி. அதில் நான் ஓடியிருந்தால் அன்றைக்கு ஏரியில் நின்றிருக்க மாட்டேன். ஆனால் போன வருடம் அதில் ஒரு விளக்கு எரிந்தபோது அவனுக்கு மூடியைத் திறக்கவும் தோன்றவில்லை. திறந்தாலும் பயன் இல்லை, கணினி பூட்டிக் கேட்டால்தான் அது நோயைச் சொல்லும். மூன்று வாரம் கடையில் கிடந்தது. தன் உயிரைச் சுமக்கிற வண்டியை ஒருவன் தானே திறந்து பார்க்க முடியவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏரியின் நடுவே நின்றவன் என்பதால் நம்புகிறேன்.

எல்லாம் கையில் வந்த பிறகு பனி இல்லாமல் போனதுதான் தாங்க முடியவில்லை. 2023–24 குளிர்காலம் கனடாவின் பதிவுகளிலேயே வெப்பமானது. அந்த வருடம் எலான் கராஜை விட்டு அசையவே இல்லை. யமஹா 1968 முதல் செய்துவந்த ஸ்னோமொபீல்களை 2025 மாதிரியோடு நிறுத்துவதாக அதற்கு முந்திய கோடையிலேயே அறிவித்திருந்தது. அந்தச் செய்தியை வாசித்த இரவு நான் கராஜுக்குள் போய் எலானின் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

போன மாசியில் குளிர் வந்தது. மகளுக்குப் பதினேழு வயது. முதல் நாள் இரவு, பட்டியைத் தாங்கும் போகிச் சில்லுகளுக்கு அவள்தான் கிறீஸ் அடித்தாள்.

"எவ்வளவு அடிக்கிறது அப்பா?"

"பழைய கிறீஸ் கறுப்பா வரும். புதுசு வரும் மட்டும் அடி, பிள்ளை."

"மினக்கேடல்லோ? வீணாப் போகுதே?"

சித்தப்பாவின் இரத்தம். "போகட்டும்" என்றேன்.

வண்டியை இழுவைப் பெட்டியில் ஏற்றி நிப்பிசிங் ஏரிக்குப் போனோம். நான் அங்கே வேலை செய்த காலத்தில் மார்கழியிலேயே குடில்கள் ஏரிக்குள் இறங்கிவிடும். இப்போது கரையோரம் இரண்டு மூன்று குடில்கள் மட்டும். மகள் துளைக் கருவியால் பனியில் துளையிட்டு, கம்பியை இறக்கி அளந்தாள். பதினெட்டு சென்ரிமீற்றர். ஸ்னோமொபீலுக்கு இருபத்தைந்து வேண்டும் என்கிறது கனடியச் செஞ்சிலுவைச் சங்கம். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், இல்லை என்று. இன்னும் இரண்டு இடத்தில் துளைத்துப் பார்த்தோம். ஒன்றில் பதினாறு.

"ஸ்ரார்ட் மட்டும் பண்ணிப் பாக்கட்டோ?"

கரையில் நிறுத்தி, மூடியைத் திறந்தோம். மைனஸ் எட்டு. அவள் விரலை ஊசித் திருகில் வைத்தாள். நான் என் கையை அவள் கையின் மேல் வைக்கவில்லை. கயிற்றை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் பற்றியது. கணீர் என்ற இடம் வந்தது, அவள் தாண்டிப் போனாள். தடித்தது. கரகரத்தது. இருமத் தொடங்கிய இடத்தில் கையை எடுத்தாள்.

குடில் ஒன்றின் கதவு திறந்தது. ஒரு வயதானவர் வெளியே வந்து, வாசலில் நின்று, எஞ்சின் நிற்கும்வரை உள்ளே போகாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.